கோஜிராவின் 'ஃப்ரம் மார்ஸ் டு சீரியஸ்': ஏழாவது பாட்டோடு முடிந்துவிடுகிறதா?

லெபோர்_இரவுப்பணி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். பிரெஞ்சு மெட்டல் குழு கோஜிராவின் இந்த ஆல்பத்தைப் பற்றிக் கூட வேலை பார்ப்பவர் ஒருவர் போன வாரம் சொன்னார்: "'ஃப்ளையிங் வேல்ஸ்' முடிந்ததும் ஆல்பத்தை நிறுத்திவிடுவேன். அதற்குப் பிறகு வருவதெல்லாம் இடத்தை நிரப்பப் போட்டது." அன்றிலிருந்து எனக்கு ராத்திரியில் தூக்கமில்லை. துறைமுகத்தில் இரவு ஷிப்ட் என்பதால் எப்படியும் தூங்க முடியாது, அது வேறு விஷயம்.

என் கட்சி இதற்கு நேர் எதிர். 2005ல் வந்த இந்த ஆல்பத்தின் உயிரே பின்பாதியில்தான் இருக்கிறது. 12 பாட்டு, 66 நிமிடம். செத்துப்போன ஒரு கிரகத்துக்கு உயிர் கொடுக்க வழி தேடிப் போகிற பயணம்தான் கதை. செவ்வாய் போருக்கு அடையாளம், சீரியஸ் என்ற நட்சத்திரம் அமைதிக்கு. ஏழாவது பாட்டில் நிறுத்துகிறவர் செவ்வாய்க்கே போய்ச் சேரவில்லை, அது பத்தாவது பாட்டு!

'ஃப்ளையிங் வேல்ஸ்' பெரிய பாட்டு இல்லை என்று யார் சொன்னது? திமிங்கலக் குரலோடு ஆரம்பித்து, இரண்டு நிமிடத்துக்கு மேல் நம்மைக் காக்க வைத்துவிட்டுத்தான் அந்த ரிஃப்பை, திரும்பத் திரும்ப வரும் அந்தக் கிட்டார் துண்டை, இறக்குகிறார்கள். இந்தியப் பெருங்கடலில் நம் ரெயூனியன் தீவில் இருப்பவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஜூன் தொடங்கி அக்டோபர் வரை கூன்முதுகுத் திமிங்கலங்கள் அண்டார்ட்டிக் பக்கத்திலிருந்து குட்டி போட நம் கடலுக்கு வருகின்றன. சேன்-லெ கரையில் நின்றபடியே பார்த்திருக்கிறேன். அவ்வளவு பெரிய உடம்பு தண்ணீரை விட்டு மேலே வரும்போது அதில் அவசரமே இருக்காது. அந்த ரிஃப்பிலும் இல்லை.

அடுத்து வரும் 'இன் த வில்டர்னஸ்' நீளம்தான். ஏறக்குறைய எட்டு நிமிடம். ஒரு நிமிடத்தைக் கத்தரித்திருந்தால் யாரும் அழுதிருக்க மாட்டார்கள். 'வேர்ல்டு டு கம்' மெதுவாக நகரும், எனக்குச் சில நாள் பிடிக்கும், சில நாள் பிடிக்காது. ஆனால் அப்புறம் 'ஃப்ரம் மார்ஸ்' வருகிறதே! அதுவரை தொண்டை கிழியக் கத்திய பாடகர் ஜோ டுப்ளாண்டியே அங்கே குரலைத் தாழ்த்திவிடுகிறார். மூச்சு விட்டுக்கொள்ளலாம் என்று நாம் நினைக்கும்போது 'டு சீரியஸ்' வந்து மோதுகிறது. ஷஃபிளில் போட்டு, வரிசையைக் கலைத்துக் கேட்கிறவர்களுக்கு இந்த அடி கிடைக்கவே கிடைக்காது. பாவம்.

கடைசிப் பாட்டு 'க்ளோபல் வார்மிங்'. தலைப்பைப் பார்த்தால் ஒப்பாரி வைக்கப் போகிறார்கள் என்று தோன்றும். கிட்டார் கழுத்தில் இரண்டு கை விரல்களாலும் தட்டி வாசிக்கும் ஒரு சுற்று, அது திரும்பத் திரும்ப வருகிறது. முடிவில் நம் பிள்ளைகள் வளர்வதைப் பார்ப்போம் என்றே சொல்லிச் சொல்லிப் பாடுகிறார். முன்னால் வந்த அத்தனை இடியையும் வாங்கிக்கொண்டு வந்தவனுக்குத்தான் இந்த நம்பிக்கை உறைக்கும். நேராக அதை மட்டும் போட்டுக் கேட்டால் நல்ல பாட்டு, அவ்வளவுதான்.

காலையில் ஷிப்ட் முடிந்து சேன்-தெனிக்குக் கடல்மேல் போகும் புதுப் பாலத்தில் வரும்போது இதைத்தான் போடுவேன். நெரிசல் இருந்தால் ஆல்பம் முழுசாக முடியும். அந்த நெரிசலால் யாருக்காவது லாபம் உண்டு என்றால் எனக்குத்தான்.

நீங்கள் எங்கே நிறுத்துகிறீர்கள்?

---

காத்ர்போர்ன்_குமரன் எழுதியது:

மொரீஷியஸிலிருந்து ஒரு எதிர்க்குரல். முதலில், திமிங்கலத்துக்கு நீங்கள் மட்டும் பட்டா போட முடியாது, எங்கள் மேற்குக் கரையிலும் உண்டு.

நான் ஏழில் நிறுத்துவதில்லை, ஆனால் ஒன்பதைத் தாண்டிக் குதித்துவிடுவேன். 66 நிமிடம் இந்தக் கனத்தில் கேட்பது எனக்கு அதிகம். அதே ஆட்கள் 2016ல் 'மாக்மா' போட்டார்களே, முக்கால் மணிக்கும் குறைவு. அந்த ஆல்பம் உருவாகிக்கொண்டிருந்த காலத்தில்தான் பாடகர் ஜோ, டிரம்மர் மாரியோ என்ற டுப்ளாண்டியே சகோதரர்களின் அம்மா இறந்துபோனார். எல்லாச் சதையையும் கழித்துவிட்டு எலும்பை மட்டும் வைத்தார்கள். சுருக்கமாகச் சொல்லத் தெரிந்துகொண்ட பிறகுதான் அவர்கள் முழு வளர்ச்சி பெற்றார்கள் என்பேன்.

---

தப்பு_சேன்ஆந்த்ரே எழுதியது:

தம்பி குமரா, மாக்மாவில் ப்ரோக்ரஸிவ், அந்தச் சிக்கலான நீண்ட அமைப்பு, எங்கே இருக்கிறது? நல்ல ராக் ஆல்பம் என்று சொல், ஒத்துக்கொள்கிறேன்.

இரண்டு பேரும் கிட்டாரைப் பற்றியே பேசுகிறீர்கள், மாரியோவை மறந்துவிட்டீர்கள். நான் கோயிலில் தீமிதிக்குத் தப்பு அடிக்கிறவன். தோலை நெருப்பில் காட்டி இறுக்கிவிட்டு அடிக்கும்போது ஒரு அடி தள்ளிப் போனாலும் நடக்கிறவன் காலுக்குத் தெரிந்துவிடும். 'த ஹெவியஸ்ட் மேட்டர் ஆஃப் த யூனிவர்ஸ்' பாட்டில் மாரியோவின் காலை மட்டும் பிடித்துக்கொண்டு கேளுங்கள். கிட்டாரின் வெட்டும் பேஸ் டிரம்மும் ஒன்றாக விழும், மேலே கை வேறு கணக்கில் போய்க்கொண்டிருக்கும். நாலு நிமிடம்கூட இல்லாத பாட்டு. வீட்டில் நம் தீவின் மலோயா இசை கேட்டு வளர்ந்தவனுக்கு மூன்றும் இரண்டும் பின்னி வரும் அடி புதிதில்லை, உடம்பே எண்ணிக்கொள்ளும். வேறு இடத்து ரசிகர்கள் இதைக் கணக்குப் பாடம் மாதிரி பேசும்போது சிரிப்புத்தான் வருகிறது.

லெபோர், உன் கேள்விக்குப் பதில்: நிறுத்துவதே இல்லை. ஆனால் நாலாவது, 'யூனிகார்ன்', அது இல்லாவிட்டாலும் எனக்குக் குறையில்லை.

---

மல்லி_சிலாவோஸ் எழுதியது:

2024 ஒலிம்பிக் தொடக்க விழாவில் கொன்சியெர்ஜெரி கட்டடத்தில், தலையில்லாத ராணி மேரி அன்டோனெட் வேடத்தோடு வாசித்தார்களே, அவர்கள்தானே? என் மாமியார் சோபாவில் அரைத்தூக்கத்தில் இருந்தவர் எழுந்து உட்கார்ந்து, "இந்தப் பையனுக்குத் தொண்டைக்கு யாராவது இஞ்சி தட்டிக் கொடுங்களேன்" என்றார். ஆனால் பாட்டு முடியும்வரை கண்ணை எடுக்கவில்லை.

எனக்கும் அந்த உறுமல்தான் தடை. வாத்தியம் பிடித்திருக்கிறது. எதிலிருந்து ஆரம்பிக்கலாம்?

---

லெபோர்_இரவுப்பணி எழுதியது:

மல்லி, அவர்களேதான். கடைசியிலிருந்து ஆரம்பியுங்கள். முதலில் 'க்ளோபல் வார்மிங்', அதில் பாடுவது நிறைய இருக்கிறது. அப்புறம் 'ஃப்ரம் மார்ஸ்', 'டு சீரியஸ்' இரண்டையும் சேர்த்து. 'பேக்போன்' பக்கம் இப்போதைக்குப் போகாதீர்கள். மேலே நானே தனிப்பாட்டாகக் கேட்காதே என்று எழுதிவிட்டு இப்படிச் சொல்கிறேன் என்று குமரன் பிடிப்பார், உறுமல் பழகும்வரை சலுகை உண்டு. மாமியாருக்கும் ஒரு ஹெட்போன் கொடுங்கள்.

தப்பு அண்ணா, 'யூனிகார்ன்' இல்லாமல் நேராக 'வேர் டிராகன்ஸ் டுவெல்' வந்தால் காது தாங்காது. அதை விட்டுக்கொடுக்க மாட்டேன். மாரியோ விஷயத்தில் நீங்கள் சொன்னதுதான் சரி, நாளைக் காலை அந்தக் காலை மட்டும் கேட்டுப் பார்க்கிறேன்.

குமரா, மாக்மாவுக்குத் தனி இழை போடுங்கள். அங்கே வந்து சண்டை போடுகிறேன்.