பட்டி தின்ற நாய்க்கு உப்புத் தண்ணீர் கொடுக்கலாமா?

கருப்பன் வீடு:
வீட்டில் பெயின்ட் வேலை நடக்கிறது. பெயின்டர் டீ குடிக்கப் போன நேரத்தில், சுவரில் பூச வாளியில் குழைத்து வைத்திருந்த வெள்ளை சிமென்ட் பட்டியை எங்கள் கருப்பன் தின்றுவிட்டான். இரண்டு கைப்பிடியாவது இருக்கும். மீசையெல்லாம் வெள்ளை, எச்சில் நூல் நூலாக வடிகிறது. டாக்டரிடம் போய்ச் சேர முக்கால் மணி நேரம் ஆகும். உப்பைக் கரைத்து ஊற்றி வாந்தி எடுக்க வைக்கச் சொல்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. செய்யலாமா?

தோட்டத்துக்காரர்:
உடனே செய்யம்மா. சிமென்ட் வயிற்றுக்குள் இறுகிவிட்டால் அப்புறம் ஆபரேஷன்தான். எங்கள் தோட்டத்தில் எலி மருந்து தின்ற இரண்டு நாய்கள் இந்த உப்புத் தண்ணீரில்தான் பிழைத்தன.

கால்நடை மாணவி:
வேண்டாம் அக்கா, தயவுசெய்து ஊற்றாதீர்கள். சிமென்ட் தண்ணீரில் குழையும்போது சுண்ணாம்பு உண்டாகிறது. அதன் காரத்தைக் காட்டும் பிஹெச் அளவு 12-க்கு மேல் போகும். கொத்தனார் கையில் விரலிடுக்கெல்லாம் புண்ணாகிறதே, அதையேதான் தொண்டையிலும் செய்யும். போகும்போது ஒரு தடவை சுட்டது, வாந்தியில் திரும்பவும் சுடும். உப்பு அதைவிட மோசம்: ரத்தத்தில் சோடியம் ஏறினால் வலிப்பு வந்து உயிரே போகலாம்.

ஈரத் துணியால் மீசை, ஈறு, நாக்கு, பாதம் எல்லாம் துடையுங்கள். அவனாகக் குடித்தால் கொஞ்சம் தண்ணீர் வைக்கலாம். எலுமிச்சை, வினிகர் எதுவும் வேண்டாம். பட்டி மூட்டையைப் படம் எடுத்துக்கொண்டு கிளம்புங்கள், போகும்போதே டாக்டருக்கு போன் செய்யுங்கள்.

தோட்டத்துக்காரர்:
எலி மருந்துக்கு டாக்டரே வாந்தி எடுக்க வைக்கிறாரே? நான் கண்ணால் பார்த்தேன்.

கால்நடை மாணவி:
அது சரிதான் அண்ணா, ஆனால் அவர் ஊசி போட்டு எடுக்க வைப்பார், உப்பால் இல்லை. எலி மருந்தில் பல ரகம் போகிற வழியைச் சுடாது. சுண்ணாம்பு, சிமென்ட், ஆசிட், தின்னர் எதுவானாலும் வாந்தி கூடாது.

தச்சுப் பட்டறை:
இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். மரம் ஒட்டும் பசையில் ஈரம் பட்டால் நுரைத்துப் பெருகும் பாலியுரேத்தேன் ரகம் உண்டு. எங்கள் பட்டறை நாய் அதை ட்யூபோடு கடித்தது. மறுநாள் வயிற்றிலிருந்து எடுத்த கட்டி, இரைப்பையை அச்சில் வார்த்தது போலவே இருந்தது. அதற்குத் தண்ணீர்கூடக் கொடுக்கக் கூடாது என்றார் டாக்டர்.

தோட்டத்துக்காரர்:
சரி, உப்பை விடுகிறேன். ஆனால் சுண்ணாம்புச் சத்து குறைந்த நாய்தான் சுவரை நக்கும். கால்சியம் மாத்திரை கொடுத்தால் நின்றுவிடும்.

கால்நடை மாணவி:
அப்படி முடிவு கட்டிவிட முடியாது அண்ணா. உண்ணிக் காய்ச்சலில் ரத்தம் குறைந்த நாயும் சுவர், மண் என்று நக்கும். ஈறு வெளுத்திருக்கிறதா பாருங்கள், ரத்தப் பரிசோதனைக்குப் பிறகு மாத்திரை.

கருப்பன் வீடு:
இப்போதுதான் திரும்பினோம். உப்பு கொடுக்கவில்லை. நாக்கின் ஓரம் சிவந்து கொப்புளித்திருக்கிறது. எக்ஸ்ரேயில் பட்டி வெள்ளையாகத் தெரிகிறது, அடைப்பு இல்லை. புண் முழுதாகத் தெரிய 12 மணி நேரம்கூட ஆகுமாம், அதனால் நாளைக் காலை மறுபடி வரச் சொன்னார். அதுவரை குழைத்த கஞ்சிதான். வாளி இப்போது மொட்டை மாடியில், கதவு பூட்டியிருக்கிறது.