டோப்ரி ஜுரோவ்: ஷிவ்கோவை இறக்கியது டாங்கிகளா?

செம்பியன்
பல்கேரியாவின் டோப்ரி ஜுரோவ் பற்றிக் கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். 1962 முதல் 1990 வரை பாதுகாப்பு அமைச்சர். நாட்டை ஆண்ட கம்யூனிஸ்ட் கட்சித் தலைவர் டோடோர் ஷிவ்கோவுக்கு, இரண்டாம் உலகப்போர்க் கால கெரில்லா நாட்களிலிருந்தே தோழர். அப்படிப்பட்டவர் 1989 நவம்பரில் ஷிவ்கோவை ஏன் கைவிட்டார்? "ராணுவ டாங்கிகளைக் காட்டி மிரட்டித்தான் ஷிவ்கோவை இறக்கினார்கள்" என்று ஒரு காணொளியில் சொல்கிறார்கள். சரியா? ஷிவ்கோவைக் கவிழ்க்க 1965இல் நடந்த சதியில் ஜுரோவ் எந்தப் பக்கம் நின்றார்?

பால்கன் வாசகர்
டாங்கிக் கதை வேறு தேதிக்கு உரியது. இரண்டு சம்பவங்களைக் குழப்பிவிட்டார்கள்.

முதலாவது 1989 நவம்பர் 10, கட்சியின் மத்தியக் குழுக் கூட்டம்; அங்கேதான் ஷிவ்கோவ் பதவியிழந்தார். அக்டோபர் 24 அன்றே வெளியுறவு அமைச்சர் பெதர் மிளாடெனோவ், ஷிவ்கோவைக் கடுமையாகச் சாடி ராஜினாமா கடிதம் அனுப்பிவிட்டார். அடுத்த இரண்டு வாரங்களில் அவரும் இன்னொரு கட்சித் தலைவரான ஆந்திரேய் லுகானோவும், கட்சியின் உச்ச அமைப்பான பொலிட்பீரோவில் ஆள் சேர்த்தார்கள். கோர்பச்சேவின் மாஸ்கோ ஷிவ்கோவைக் காப்பாற்ற வராது என்பது எல்லோருக்கும் தெரியும். அந்தக் கோடையில்தான் 3 லட்சத்துக்கும் மேற்பட்ட துருக்கியச் சிறுபான்மையினர் நாட்டைவிட்டு வெளியேறியிருந்தார்கள்.

ஆனால் ராணுவம் யார் பக்கம் என்று தெரியாமல் யாரும் துணிந்திருக்க மாட்டார்கள். அதனால்தான் ஜுரோவ் முக்கியம். கூட்டத்துக்கு முந்தைய நாட்களில் ஷிவ்கோவை நேரில் பார்த்துப் பதவி விலகச் சொன்னவர்களில் அவரும் ஒருவர். படை எதுவும் தெருவில் இறங்கவில்லை; அமைச்சரின் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததே போதுமானதாக இருந்தது. நவம்பர் 10 கூட்டத்தின் காட்சிப்பதிவு கிடைத்தால் தவறாமல் பாருங்கள். பிரதமர் கியோர்கி அதனாசோவ் ராஜினாமாவை ஏற்கும்படி முன்மொழியும்போது, 35 ஆண்டுகள் கட்சியை ஆண்ட மனிதரின் முகம் அப்படியே உறைந்து போயிருக்கும்.

இரண்டாவது டிசம்பர் 14. கட்சியின் தலைமைப் பாத்திரத்தை உறுதிசெய்யும் அரசியல் சட்டத்தின் முதல் பிரிவை நீக்கக் கோரி, தலைநகர் சோபியாவில் நாடாளுமன்றத்தை மக்கள் கூட்டம் சூழ்ந்திருந்தது. அப்போது, ஷிவ்கோவின் இடத்துக்கு வந்திருந்த மிளாடெனோவ், பக்கத்தில் நின்ற ஜுரோவிடம், "டாங்கிகள் வந்தால்தான் நல்லது" என்ற பொருளில் பேசியது ஒளிப்பதிவில் சிக்கியது. டாங்கி எதுவும் வரவில்லை. 1990 ஜூனில் பதிவு வெளியானதும் அது போலி என்றார் மிளாடெனோவ். நிபுணர்கள் உண்மையானதே என்று உறுதிசெய்ய, ஜூலை 6 அன்று ஜனாதிபதி பதவியை விட்டார். ஆக, டாங்கிப் பேச்சு கவிழ்த்தது மிளாடெனோவை. ஷிவ்கோவை அல்ல.

நெடுஞ்செழியன்_கே
1965க்கு வருகிறேன். ஜுரோவ் சதியில் இல்லை. அது அவருடைய அமைச்சகத்துக்குள்ளேயே வெடித்த நெருக்கடி. மத்தியக் குழு உறுப்பினர் இவான் டோடோரோவ்-கோருன்யா, சோலோ கிரஸ்தேவ், ஜெனரல் ஸ்வியாத்கோ அனெவ் ஆகியோர் முன்னணியில் இருந்தார்கள். இதில் அனெவ் தலைநகர் படைத்தளத்தின் தளபதி என்பதைக் கட்டுரையில் கட்டாயம் சேருங்கள். சோபியாவிலேயே படையை நகர்த்தக்கூடிய ஆள் என்பதால்தான் இதைச் சில அதிகாரிகளின் முணுமுணுப்பு என்று ஒதுக்க முடியாது. ஏப்ரலில் கைது தொடங்கியபோது கோருன்யா தற்கொலை செய்துகொண்டார்; மற்றவர்கள் சிறைக்குப் போனார்கள்.

"கெரில்லாத் தோழமை" என்று பொதுவாக எழுதிவிட்டால் இங்கே இடிக்கும். சதிகாரர்களிலும் பலர் பழைய கெரில்லாக்கள்தான், ஆனால் வடமேற்கு பல்கேரியாவின் வ்ராத்சா பகுதிக்காரர்கள். ஜுரோவ் சோபியாவுக்கு வடகிழக்கே இயங்கிய சாவ்தார் படைப்பிரிவின் தளபதி. "லாசர்" என்பது அவருடைய மறைமுகப் பெயர். ஷிவ்கோவ் அதே படைப்பிரிவோடு கட்சியின் பிரதிநிதியாகத் தொடர்பில் இருந்தார். ஆட்சிக்கு வந்தபின் அந்தப் பங்கைப் பெரிதாக ஊதி எழுதவைத்தார்கள். எந்த அளவுக்கு உண்மை என்று நேரில் அறிந்தவர் ஜுரோவ். என் கணிப்பில் அவர் பதவி நிலைத்ததற்கும், 1989இல் அவர் சொல்லை ஷிவ்கோவால் தள்ள முடியாமல் போனதற்கும் வேர் இந்த உறவுதான்.

செம்பியன்
மிக்க நன்றி இருவருக்கும். "சாவ்தார் ஜுரோவ்" என்று தேடினால் ஒரு விமானியின் படம் வருகிறதே, அவர் யார்?

பால்கன் வாசகர்
ஜுரோவின் மகன். போர் விமானி, பாராசூட் வீரர். 1972இல் விமான விபத்தில் இறந்தார். படைப்பிரிவின் பெயரும் அதே சாவ்தார் என்பதால் படங்களும் தேதிகளும் கலந்துவிடுகின்றன. சீருடையை மட்டும் நம்பாமல் ஆண்டைப் பாருங்கள்: 1944 அல்லது அதற்கு முந்தையது என்றால் படைப்பிரிவு, 60களின் விமானப்படைச் சீருடை என்றால் மகன்.

இன்னொன்று, 1968ஐ விட்டுவிடாதீர்கள். சோவியத் தலைமையில் நடந்த செக்கோஸ்லோவாக்கியப் படையெடுப்புக்குப் பல்கேரியா இரண்டு ரெஜிமெண்டுகளை அனுப்பியது: 12, 22. மொத்தம் சுமார் 2,000 பேர்தான். 22ஆவது ரெஜிமெண்ட் பிராக் ருசினே விமான நிலையத்தில் காவலுக்கு நின்றது. சிறிய படை என்றாலும் அனுப்பியபோது அமைச்சர் ஜுரோவ்தான். 1989ஐ மட்டும் வைத்து அவரை ஜனநாயகத்தின் நாயகனாக எழுதினால் இந்த அத்தியாயம் கட்டுரையைக் கவிழ்த்துவிடும்.

நெடுஞ்செழியன்_கே
ஆமாம். தேதிகளையும் குறித்துக்கொள்ளுங்கள்: பிறப்பு 1916, வ்ராபெவோ கிராமம், திரோயான் பக்கம். ராணுவ ஜெனரல் பட்டம் 1964. பொலிட்பீரோ முழு உறுப்பினர் ஆனது 1977இல்தான். 1962இலேயே ஆனார் என்று சில தளங்கள் எழுதுவது தவறு. மறைவு 2002.