தேக்குக் கதவில் 54 மி.மீ. ஓட்டை: எந்த டிரில் பிட் வாங்கலாம்?

வணக்கம் நண்பர்களே. வீட்டு முன்கதவு பழைய தேக்கு, 40 மி.மீ. கனம். உருண்டைப் பிடிப் பூட்டு மாட்ட 54 மி.மீ. ஓட்டை போடணும். கையில் இருப்பது 13 மி.மீ. சக் (பிட்டைப் பிடிக்கும் வாய்) உள்ள கை டிரில், வேகம் கூட்டிக் குறைக்கலாம்.

துண்டு மரத்தில் ஹோல் சா (நடுவில் பிட், சுற்றிலும் பல் வைத்த வட்ட வாள்) ஓட்டிப் பார்த்தேன். பாதி ஆழத்திலேயே பல்லில் தூள் அடைத்துப் புகைகிறது, ஓட்டையின் சுவர் கறுத்துப்போகிறது. அடிக்கடி வெளியே இழுத்துத் தூளைத் தட்டினால் கொஞ்சம் பரவாயில்லை. நடு பிட் மறுபக்கம் எட்டிப் பார்த்ததும் நிறுத்தி, அந்தப் பக்கமிருந்து வெட்டினால் சிலும்பு பெயரவில்லை. அதனால் அதில் கவலை இல்லை.

ஃபோர்ஸ்ட்னர் பிட் (அடி தட்டையாகக் குழி வெட்டும் பிட்) சுத்தமாக வெட்டும் என்கிறார்கள். அலமாரிக் கீலுக்கு 35 மி.மீ. குழி என்றால் சரி. 54-ஐக் கையில் பிடித்து ஓட்டினால் மணிக்கட்டைத் திருகிவிடாதா?

தேக்கில் சிலிக்கா (மணலில் இருக்கும் அதே பொருள்) இருப்பதால் சாதாரணப் பல் சீக்கிரம் மழுங்கும். கார்பைடு (எஃகை விடக் கடினமான பொருள்) பல் வைத்த ஹோல் சா வாங்கினால் தாங்குமா? கதவைக் கழற்றி பில்லர் டிரில் (தூணில் பொருத்திய நிலை டிரில்) இருக்கும் பட்டறைக்குத் தூக்கிப்போக மனசில்லை, அது ரெண்டு ஆள் கனம். மரவேலை செய்யும் அண்ணன்மார் யாராவது, என்ன வேகத்தில் ஓட்டணும் என்றும் சேர்த்துச் சொல்லுங்க.