அப்பாவின் கோத்தகிரி வீட்டை விற்கிறோம்: வரியில் எதையெல்லாம் கழிக்கலாம்?

கோத்தகிரி மகள்:
வணக்கம். அப்பா 1988-ல் 90 ஆயிரத்துக்கு வாங்கிய வீடு. அம்மா முன்பே போய்விட்டார், அப்பா காலமாகி இரண்டு வருஷம். அண்ணன், நான், தங்கை மூவருக்கும் சம பங்கு. 84 லட்சத்துக்குப் பேசி அட்வான்ஸ் வாங்கியாயிற்று, 2026 பிப்ரவரியில் பத்திரப்பதிவு. 90 ஆயிரம் போக மீதி அத்தனைக்கும் வரி என்கிறார் அண்ணன். கேட்டதிலிருந்து தூக்கமில்லை.

2009 நவம்பர் மழையில் பின்பக்க மேடு சரிந்து சமையலறைச் சுவர் வரை மண் வந்துவிட்டது. மறு வருஷம் அப்பா 3 லட்சம் போட்டுத் தடுப்புச் சுவர் கட்டினார். அதைக் கழிக்கலாமா? போன வருஷம் நாங்கள் வெள்ளையடித்த செலவு? ஆளுக்கு 28 லட்சம்தான், 50 லட்சத்துக்குக் கீழ். டிடிஎஸ் (வாங்குபவர் விலையிலேயே பிடித்துக் கட்டும் வரி) வராதுதானே? தங்கை கனடாவில் குடியிருக்கிறாள்.

ஊட்டி கணக்கர்:
பயப்படாதீர்கள் அம்மா. 2001-க்கு முன் வாங்கிய சொத்து என்பதால், 90 ஆயிரத்துக்குப் பதில் 1.4.2001 அன்றைய சந்தை மதிப்பை அடக்கவிலையாக வைக்கலாம். அது அன்றைய அரசு வழிகாட்டி மதிப்பைத் தாண்டக்கூடாது. சார் பதிவாளர் அலுவலகத்தில் அந்த மதிப்பை எழுதி வாங்கிக்கொண்டு, பதிவுபெற்ற மதிப்பீட்டாளரிடம் போங்கள்.

உதாரணத்துக்கு 12 லட்சம் என்று வைப்போம். விலைவாசி ஏற்றத்துக்கேற்ப அடக்கவிலையை உயர்த்தத் தரும் பணவீக்கக் குறியீடு 2001-ல் 100, 2025-26 நிதியாண்டில் 376. ஆக அடக்கவிலை 45.12 லட்சம். தடுப்புச் சுவர் தாராளமாகக் கழியும், வீட்டை மேம்படுத்திய செலவு அது. 2010-11 குறியீடு 167, எனவே 3 லட்சம் 6.75 லட்சம் ஆகிறது. தரகு 84 ஆயிரம் என்றால் அதுவும் போய் லாபம் 31.29 லட்சம். 20% வரி, ஆளுக்குச் சுமார் 2.09 லட்சம். குறியீடு இல்லாமல் 12.5% என்று போட்டால் 2.84 லட்சம். எது குறைவோ அது. வரி மேல் வரும் செஸ் தனி.

வெள்ளையடிப்பு, சொத்து வரி கழியாது. டிடிஎஸ் வரும்: மொத்த விலைதான் கணக்கு, பங்கு அல்ல. உங்களுக்கும் அண்ணனுக்கும் 1%.

குன்னூர் தம்பி:
அக்கா, தங்கச்சி விஷயத்தை இப்போதே பாருங்கள். வெளிநாட்டில் குடியிருப்பவர்களுக்கு அந்த 20% வழி கிடையாது, 12.5% மட்டும்தான். வாங்குபவர் பிடிப்பதும் 1% அல்ல, லாபம் எவ்வளவு என்று பார்க்காமல் தங்கச்சியின் பங்குத் தொகை மேலேயே பிடிக்கவேண்டியிருக்கும். குறைந்த பிடித்தத்துக்கான சான்றிதழுக்கு வருமான வரித்துறையிடம் பதிவுக்கு முன்பே விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். எங்கள் சித்தப்பா பதிவு முடிந்தபிறகு ஓடினார், ரிட்டர்ன் போட்டு ரீஃபண்டுக்கு மாதக்கணக்கில் காத்திருந்தார்.

கோத்தகிரி மகள்:
கோடி நன்றி. சுவருக்கு சிமென்ட் கடை பில் இருக்கிறது, ஆனால் எழுத்து மங்கி ‘ரூ.’ என்பது மட்டும்தான் தெரிகிறது. அப்பாவின் டைரியில் மேஸ்திரிக்குக் கொடுத்தது நாள்வாரியாக இருக்கிறது, “கருங்கல் 4 லோடு” என்றுகூட எழுதியிருக்கிறார். செல்லுமா?

ஊட்டி கணக்கர்:
டைரி மட்டும் போதாது, துணைக்கு நிற்கும். அந்த மாதங்களின் பாஸ்புக்கில் பணம் எடுத்த பதிவுகளை அதோடு பொருத்துங்கள். மதிப்பீட்டாளரைச் சுவரை நேரில் பார்த்து அறிக்கையில் சேர்க்கச் சொல்லுங்கள். வீடு கைமாறுவதற்குள் போட்டோவும் எடுத்துவிடுங்கள்.

அந்த வரியும் வேண்டாம் என்றால், விற்ற 6 மாதத்துக்குள் ஆர்.இ.சி. போன்ற அரசு நிறுவனங்களின் கடன் பத்திரங்களில் லாபத்தைப் போடலாம், 5 வருஷம் எடுக்க முடியாது. வேறு வீடு வாங்குவதானால் 2 வருஷம் அவகாசம்.

கோத்தகிரி மகள்:
1988 பத்திரத்தோடு அப்பாவின் பாஸ்புக்கும் பீரோவில் கிடைத்தது. 2010 மே, ஜூன் இரண்டு மாதமும் டைரியோடு ஒத்துப்போகிறது. திங்கட்கிழமை அண்ணனோடு சார் பதிவாளர் அலுவலகம் போகிறேன்.