டெய்ட்டியில் பக்கத்து ஏஐ படையெடுக்காமல் தடுப்பது எப்படி?

கோட்டைச்சுவர்:
சிவிலைசேஷன் 6 என்ற வியூக கேம், அதன் கேதரிங் ஸ்டார்ம் விரிவாக்கம், ஸ்டாண்டர்ட் வேகம். மிகக் கடினமான டெய்ட்டி நிலையில் பக்கத்து ஏஐ (கணினி ஆடும் நாடு) 40 டர்னுக்குள் போர் தொடுத்துவிடுகிறது. டெலிகேஷனை (தூதுக்குழு) மறுக்கிறது. லக்ஸரியை (ஆடம்பர வளம்) சும்மா கொடுத்தாலும் முகம் (உறவைக் காட்டும் குறி) மாறுவதில்லை. எதை எப்போது செய்தால் இதைத் தடுக்கலாம்?

தூதுவன்:
அந்த ஏஐ-யைச் சந்தித்த அதே டர்னில் டெலிகேஷனை அனுப்பிடுங்க. செலவு 25 கோல்டு. அந்த டர்னில் பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளும். அடுத்த டர்னிலேயே மனக்கசப்பு கணக்கில் ஏறிவிட்டால் மறுத்துவிடும். அதனால் ஸ்கவுட் (வேவுவீரர்) சுற்றும் காலத்தில் கையில் 25 கோல்டு எப்போதும் இருக்கட்டும், வேறு எதையும் வாங்காதீங்க.

அது நடுவழிதான். உண்மையில் கையைக் கட்டுவது ஃப்ரெண்ட்ஷிப் அறிவிப்பு மட்டுமே. அது அமலில் இருக்கும் 30 டர்னும் இரு தரப்பும் போர் அறிவிக்கவே முடியாது, கேம் விடாது. முகம் பச்சையானதும் கேளுங்க. மறுத்தால் சில டர்ன் கழித்து மறுபடி கேளுங்க. முடிகிற டர்னைக் குறித்துவைத்து உடனே புதுப்பிக்கணும். நடுவில் விழும் இடைவெளியில்தான் அடி விழும். சிவில் சர்வீஸ் என்ற சிவிக் (பண்பாட்டு முன்னேற்றம்) வந்ததும் அதை அலையன்ஸாக (கூட்டணி) மாற்றிக்கொள்ளலாம்.

வில்லாளி:
தூதுவன் சொன்னது சரி. ஆனால் படை இல்லாமல் அது நிற்காது. டெய்ட்டி ஏஐ 3 செட்லர் (நகரம் அமைப்பவர்), 5 வாரியரோடு தொடங்குகிறது. சண்டையில் +4 பலம் வேறு. உங்களிடம் ஒரு வாரியரும் ஸ்கவுட்டும்தான் என்றால் முகம் எப்படி இருந்தாலும் நீங்க சுலபமான இரை. ஆப்ஷன்ஸில் மேல் ரிப்பன் விவரங்களை ஆன் செய்தால் ஒவ்வொருவரின் ராணுவ பலமும் தெரியும். அவனுக்குப் பாதியாவது இருக்கப் பாருங்க. மூன்று ஆர்ச்சர் (வில்வீரர்) நல்ல தொடக்கம்.

அவன் உங்களை டினவுன்ஸ் (பகிரங்கக் கண்டனம்) செய்தால் அதை எச்சரிக்கை மணியாக எடுத்துக்கொள்ளுங்க. ஃபார்மல் வார் (முறைப்படியான போர்) அறிவிக்க அதன்பின் 5 டர்ன் ஆகணும். அந்த இடைவெளியில் எல்லை நகரத்துக்கு ஆர்ச்சர்களை நகர்த்தி, மேசன்ரி தொழில்நுட்பம் இருந்தால் மதில் போடுங்க. கண்டனமே இல்லாமல் தொடுக்கும் சர்ப்ரைஸ் வாருக்கு இந்த அவகாசம் கிடையாது, அதையும் மறக்கக்கூடாது.

கோட்டைச்சுவர்:
அவன் அனுப்பும் டெலிகேஷனை ஏற்கலாமா? பக்கத்தில் இருப்பது ஆஸ்டெக் தலைவர் மோண்டெசுமா.

தூதுவன்:
உறவுக்காக ஏற்கலாம், ஆனால் ஒரு விலை உண்டு. டெலிகேஷன் அனுப்பியவருக்கு விசிபிலிட்டி (எதிரியைப் பற்றித் தெரிந்த அளவு) ஒரு படி உயரும். எதிரியைவிட நீங்க ஒரு படி மேலே இருந்தால் ஒவ்வொரு சண்டையிலும் +3 பலம். அவனுடையதை ஏற்றால் அது சமனாகிவிடும். போர் நிச்சயம் என்று தெரிந்தால் மறுத்துவிடுங்க.

மோண்டெசுமாவுக்குத் தன்னிடம் இல்லாத லக்ஸரி உங்களிடம் இருந்தால் கோபம், இருவரிடமும் ஒரே லக்ஸரி இருந்தால் பிரியம். உங்களிடம் இரண்டாவது பிரதி உள்ள, அவனிடம் இல்லாத லக்ஸரியைத் தேர்ந்து கொடுங்க. கண்டதைக் கொடுத்தால் பலனில்லை. உறவுத் திரையில் காரணங்கள் கூட்டல் கழித்தலோடு வரும், எது உறுத்துகிறது என்பதை அங்கே பார்த்துவிட்டு விற்கணும்.

வில்லாளி:
விற்கும்போது மொத்த கோல்டாகவே வாங்குங்க. டர்னுக்கு இவ்வளவு என்ற ஒப்பந்தம் 30 டர்ன் ஓடும், நடுவில் போர் வந்தால் மீதி போச்சு. இன்னொன்று, அவன் டினவுன்ஸ் செய்த ஏஐ-யோடு ஃப்ரெண்ட்ஷிப் போடாதீங்க. அவன் முகம் சிவக்க அதுவே போதும்.