கெப்புக்குப் பின்னால் கரவன் வால் ஆட்டுகிறது – சிலாபம் தாண்டி உயிர் போய் வந்தது

கொட்டாஞ்சேனைக்காரன்:
வணக்கம். ட்ரெயிலர் இழுத்துப் பழகியவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். நானும் மச்சானும் கூட்டாக ஒரு கரவன் கட்டுவித்தோம். இரட்டை அச்சு, தள்ளு பிரேக் (கெப் வேகம் குறையும்போது கரவன் முன்னால் தள்ளுகிற விசையில் தானே பிடிக்கும்), உள்ளே நான்கு பேர் படுக்கலாம். இழுப்பது ஹைலக்ஸ் டபுள் கெப். தண்ணீர், சாமான் எல்லாம் ஏற்றி லொறித் தராசில் நிறுத்தபோது கரவன் மட்டும் 1,650 கிலோ.

போன சனி கற்பிட்டிக்குக் கிளம்பினோம். நீர்கொழும்பு வரை நெரிசலில் 40க்கு மேல் போகவே முடியவில்லை, ஒரு பிரச்சினையும் தெரியவில்லை. சிலாபம் தாண்டிப் பாதை திறந்தது. 65 வந்ததும் யாரோ பின்னால் நின்று இடுப்பைப் பிடித்து மெல்ல உலுக்குவது போல இருந்தது. 70 தொட்ட நேரத்தில் ஒரு தூர சேவை பஸ் ஒட்டி முந்திப் போனான். அவ்வளவுதான். இடப்பக்கக் கண்ணாடியில் கரவனின் முழுச் சுவரும் தெரிந்தது, அடுத்த நொடி வலப்பக்கத்தில் தெரிந்தது, திரும்ப இடம். ஒவ்வொரு தடவையும் முன்னதைவிடப் பெரிதாக. மனைவி கதவுப் பிடியைப் பிடித்தவர் புத்தளம் வரை விடவில்லை. எப்படியோ வேகம் குறைந்து தானாக நின்றது. திரும்பி வரும்போது முழு வழியும் 45தான்.

அடுத்த மாதம் திரும்பப் போக வேண்டும். ஆட்டத்தை நிறுத்தும் கம்பி ஏதோ இருக்கிறதாமே, அதை வாங்கிப் பூட்டினால் சரியாகிவிடுமா?

ஹைவே ராஜா:
ப்ரோ, ஆடும்போது எக்சிலேட்டரை மிதியுங்கள். கெப் முன்னுக்கு இழுக்கும், கரவன் நேராகிவிடும். நான் படகு ட்ரெயிலரில் செய்திருக்கிறேன்.

புத்தளம் நானா:
தம்பி ராஜா, படகு 300 கிலோ இருந்திருக்கும், தப்பித்தீர்கள். இருபது வருடம் லொறி ஓட்டியவன் சொல்கிறேன், இதை யாரும் செய்ய வேண்டாம். மிதித்தால் ஒரு கணம் நேராகும், உண்மைதான். ஆனால் வேகம் கூடிவிட்டதே, அடுத்த ஆட்டம் அதைவிடப் பெரிதாக வரும். ஒவ்வொரு ட்ரெயிலருக்கும் ஒரு வேகம் இருக்கிறது. அதற்குக் கீழே இருந்தால் ஆட்டம் இரண்டு மூன்று தரம் அசைந்து செத்துவிடும். மேலே போனால் தானே வளரும்.

கொட்டாஞ்சேனைத் தம்பி, ஆடத் தொடங்கினால் காலை எக்சிலேட்டரில் இருந்து எடுங்கள். ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு சும்மா இருங்கள். எதிர்ப்பக்கம் திருப்பிச் சரிசெய்யப் போகாதீர்கள், நம் கை எப்போதும் அரை ஆட்டம் பிந்தித்தான் போகும், அது ஊஞ்சலைத் தள்ளிவிடுகிற மாதிரி. கெப்பின் பிரேக்கையும் ஓங்கி மிதிக்கக் கூடாது. அன்றைக்கு நீங்கள் பயத்தில் ஒன்றும் செய்யாமல் இருந்ததுதான் காப்பாற்றியிருக்கிறது என்று நினைக்கிறேன்.

மட்டக்குளி மெக்கானிக்:
கம்பியை விடுங்கள், முதலில் மூன்று விஷயம் சொல்லுங்கள். கொளுக்கியில், அதாவது கெப்பின் பின்னால் கரவனைப் பூட்டுகிற இரும்புப் பந்தின் மேல் எத்தனை கிலோ அழுத்துகிறது? தண்ணீர்த் தாங்கி எங்கே இருக்கிறது? கெப்பின் பின் டயருக்கு எவ்வளவு காற்று?

கொட்டாஞ்சேனைக்காரன்:
தாங்கி 200 லீற்றர், பின் கட்டிலுக்குக் கீழே. கழிவறை பின்பக்கம் என்பதால் கட்டிய இடத்தில் அங்கேயே வைத்துவிட்டார்கள், குழாய் மிச்சமாம். ஜெனரேட்டர் 45 கிலோ, பின் பம்பருக்கு மேல் ஒரு தட்டு அடித்துப் பூட்டியிருக்கிறது. டயரில் 28. பிள்ளைகளுக்குக் குலுங்கக் கூடாது என்று குறைத்து வைத்தேன். கொளுக்கிப் பாரம் எப்படி நிறுப்பது?

மட்டக்குளி மெக்கானிக்:
கெப்பைக் கழற்றுங்கள், கரவன் சமதரையில் நிற்கட்டும், சில்லுகளுக்குக் கட்டை வையுங்கள். கரவனின் முன் தலை, அதாவது பந்தின் மேல் உட்காரும் பகுதி, கெப்பில் பூட்டும்போது இருக்கும் அதே உயரத்தில், ஒரு மரக்கட்டையைத் தராசின் மேல் நிறுத்தி அதன்மேல் தலையை இறக்குங்கள். தண்ணீர், ஜெனரேட்டர், சாமான் எல்லாம் பயணத்தில் இருந்தபடியே இருக்க வேண்டும். அப்படியே முன் தலையில் இருந்து இரண்டு அச்சுக்கும் நடுப்புள்ளி வரை, அங்கிருந்து தாங்கியின் நடு வரை, ஜெனரேட்டர் வரை டேப் பிடித்து அளந்து போடுங்கள்.

கொட்டாஞ்சேனைக்காரன்:
நாலாம் குறுக்குத் தெருவில் வெங்காயக் கடை வைத்திருக்கும் மாமாவிடம் மூட்டைத் தராசை வாங்கி வந்தேன். 78 கிலோ காட்டுகிறது. நானே ஒரு கையால் கொஞ்சம் தூக்கிப் பார்த்தேன், அசைகிறது! தலையில் இருந்து அச்சு நடு 4.2 மீற்றர், தாங்கி அதற்குப் பின்னால் 1.5, ஜெனரேட்டர் 2.3.

மட்டக்குளி மெக்கானிக்:
அண்ணே, ஆள் பிடிபட்டார். 1,650க்கு 78 என்றால் ஐந்து வீதம்கூட இல்லை. இந்த மாதிரிக் கெப்புக்குப் பின்னால் இழுக்கிற பாரமான ட்ரெயிலருக்கு 10 முதல் 15 வீதம் பந்தின் மேல் இருக்க வேண்டும்.

கிணற்றுத் துலாவை நினைத்துப் பாருங்கள். பின்னால் கல் கட்டினால் முன்னால் தூக்கும். உங்கள் அச்சுதான் துலாவின் தூண். 200 கிலோ தண்ணீர் 1.5 மீற்றர் பின்னால்: 200 × 1.5 ÷ 4.2, அது மட்டும் 71 கிலோவை முன்னால் இருந்து பிடுங்குகிறது. ஜெனரேட்டர் சின்னதுதான், ஆனால் வால் நுனியில் இருக்கிறதே, அது 25 கிலோ. தாங்கி பாதி காலியானால் தண்ணீர் உள்ளே அலம்பும், அது வேறு.

தாங்கியைக் காலி செய்துகொண்டு போங்கள், கற்பிட்டியில் நிரப்பலாம். பிறகு நேரம் கிடைக்கும்போது அச்சுக்கு மேலே மாற்றுங்கள். ஜெனரேட்டரைக் கெப்பின் பெட்டியில் வையுங்கள். கரவனின் மூக்கில் பூட்டிவிடலாமே என்று தோன்றும். கொளுக்கிப் பாரக் கணக்கு சரியாகத்தான் வரும். ஆனால் இரண்டு நுனியிலும் பாரம் இருந்தால் ஆடத் தொடங்கிய பிறகு நிறுத்துவது கஷ்டம். நடுவில் குவிந்திருப்பதுதான் நல்லது.

டயரில் 28 வைத்தால் பக்கச் சுவர் ஜெலி மாதிரி நெளியும். சாரதிக் கதவுத் தூணில் ஸ்டிக்கர் இருக்கும், அதில் முழுப் பாரத்துக்கு என்ன போட்டிருக்கிறதோ அதை அடியுங்கள். கரவன் டயருக்கும் பாரத்துக்கு ஏற்ற அளவு இருக்க வேண்டும். இரட்டை அச்சு என்பதால் மூக்கு மேலே தூக்கியபடி பூட்டக் கூடாது, பாரம் பின் அச்சுக்குப் போய்விடும். மட்டமாக அல்லது ஒரு பொட்டு முன்னால் தாழ்ந்து நிற்க வேண்டும். ஹைலக்ஸ் உயரம், பெரும்பாலும் இறக்கிய பந்து தேவைப்படும்.

கொட்டாஞ்சேனைக்காரன்:
கட்டிய இடத்தில் இதைக் கேட்டால், “சாரதிக்குப் பழக்கம் இல்லை” என்று என் தலையில் போட்டார்கள். சரி, விடுங்கள். தாங்கியைக் காலி செய்து, ஜெனரேட்டரையும் கழற்றி மறுபடி வைத்தால் தராசு எர்ரர் காட்டுகிறது. 150 கிலோ வரைதானாம்.

புத்தளம் நானா:
நல்ல செய்திதானே தம்பி! உறுதியான பலகை ஒன்று எடுங்கள். ஒரு முனை செங்கல் மேல், மறுமுனை தராசு மேல், இரண்டும் ஒரே உயரம். இடைவெளியை மூன்றாகப் பிரித்து, செங்கலில் இருந்து முதல் பங்கில் கரவன் தலையை இறக்குங்கள். தராசு காட்டுவதை மூன்றால் பெருக்கினால் போதும். பலகை முறிந்தால் கால் போய்விடும், ஜாக்கை அடியில் விட்டே வையுங்கள்.

வெள்ளவத்தைக்காரி:
மெல்பேர்னில் பத்து வருடம் கரவன் இழுத்தேன், கம்பிக் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். உராய்வுக் கம்பி ஆட்டத்தை அடக்கும், காரணத்தை நீக்காது. வால் கனத்த கரவனில் அதைப் பூட்டினால், முன்பு 65இல் வந்த எச்சரிக்கை 75இல் வரும், அப்போது தப்புவதற்கு இடம் இருக்காது. பாரத்தைப் பகிரும் வில் கம்பிகள் வேறு சாமான். கொளுக்கி அழுத்தத்தால் கெப்பின் முன் சில்லு லேசாகும்போது அவை பாரத்தை முன்னுக்குத் தள்ளும். தள்ளு பிரேக்கோடு அவை பல நேரம் ஒத்துவராது, கேட்காமல் வாங்காதீர்கள்.

பந்தைக் கவ்விப் பிடிக்கும் ஐரோப்பியத் தலையும் இருக்கிறது. அதற்குப் பந்தில் கிரீஸ், பெயின்ட் ஒன்றும் இருக்கக் கூடாது. ஐரோப்பாவில் கரவன்களை 5 முதல் 7 வீதத்தில் இழுக்கிறார்கள், வேகக் கட்டுப்பாடும் அதற்கேற்ப. அந்தத் தலையில் எத்தனை கிலோ தாங்கும் என்று பொறித்திருக்கும், உங்கள் புதிய பாரம் அதைத் தாண்டலாம். உங்களுடையது சாதாரணத் தலை, ஆகவே கிரீஸ் இருக்கட்டும்.

கொட்டாஞ்சேனைக்காரன்:
பலகை முறியவில்லை. 58 காட்டியது, மூன்று மடங்கு 174. கரவன் இப்போது 1,405 கிலோ, அதாவது 12.4 வீதம். கெப்பின் கொளுக்கித் தகட்டையும் பார்த்தேன், இதற்கு மேல் தாங்கும். கம்பியை வாங்கும் பட்டியலில் இருந்து வெட்டிவிட்டேன்.

ஞாயிறு விடிய ஐந்து மணிக்குப் பாதை வெறுமையாக இருந்தபோது சிலாபம் வரை போய் வந்தேன். பந்து இரண்டு அங்குலம் கீழே, டயர் ஸ்டிக்கர்படி. 60இல் வேண்டுமென்றே ஸ்டியரிங்கை மெல்ல அசைத்துப் பார்த்தேன், கரவன் ஒரு தடவை தலையாட்டிவிட்டு அடங்கிவிட்டது. அதே மாதிரிப் பஸ் ஒன்றும் முந்தியது. முதலில் காற்று வெளியே தள்ளியது, பிறகு பஸ்ஸோடு உள்ளே இழுத்தது, கண்ணாடியில் சுவர் ஒரு கை அகலம் தெரிந்து மறைந்தது. அவ்வளவுதான். 65ஐத் தாண்டவில்லை, தாண்டவும் மாட்டேன்.

ஒரு சந்தேகம். பாலாவியில் கற்பிட்டிப் பாதைக்குத் திரும்பிய பிறகு களப்புப் பக்கம் ஆடி மாதக் காற்று அடிக்குமே, அதற்கு இது போதுமா?

புத்தளம் நானா:
அந்தக் காற்றுக்கு வெறும் லொறியே சரியும் தம்பி. பாலாவியில் இருந்து 50. விடியற்காலையில் வந்தால் காற்று எழுவதற்குள் கற்பிட்டி போய்விடலாம். வரும்போது அந்தத் தராசையும் கொண்டு வாருங்கள், திரும்பும்போது கருவாடு ஏற்றுவீர்கள், அதைப் பின் கட்டிலுக்குக் கீழே வைத்துவிடாதீர்கள்.