படையில் இருந்த முன்னோரைத் தேடுகிறீர்களா? பெயரை விடுங்கள், எண்ணைப் பிடியுங்கள்

என் கொள்ளுத்தாத்தா முதல் உலகப் போரில் மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற பொறியாளர் படையில் இருந்தவர். மெசபடோமியா, அதாவது இன்றைய இராக் வரை போய் உயிரோடு திரும்பினார் என்பது மட்டும்தான் வீட்டில் தெரியும்.

இப்படித் தேடுகிறவர்கள் பெரும்பாலும் முதலில் போவது காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் தளத்துக்கு. அது இறந்தவர்களின் பட்டியல். திரும்பி வந்தவர் பெயர் அதில் இருக்காது. அது தெரியாமல், "தாத்தா படையிலேயே இல்லை போல" என்று தேடலை நிறுத்திவிட்டவர்கள் எனக்குத் தெரிந்தே சிலர் உண்டு.

எனக்கு வழி திறந்தது அவருடைய பதக்கம். அந்தப் போருக்குக் கொடுத்த பிரிட்டிஷ் போர்ப் பதக்கத்தின் விளிம்பில் படையில் அவருக்குக் கொடுத்த எண், பதவி, பெயர், படைப்பிரிவு எல்லாம் பொடி எழுத்தில் இருக்கும். பூதக்கண்ணாடி போதும். தயவுசெய்து பாலிஷ் போட்டுத் தேய்க்காதீர்கள். பதக்கம் வெள்ளியா வெண்கலமா என்றும் பாருங்கள். வெண்கலம் என்றால் அவர் சண்டைப் படையில் இல்லாமல் தொழிலாளர் படையிலோ, படையோடு போன பணியாளராகவோ இருந்திருக்கலாம். அப்போது தேட வேண்டிய காகிதங்களே வேறு.

லண்டனில் க்யூ தேசிய ஆவணக் காப்பகத்தில் படைப்பிரிவுகளின் போர் நாட்குறிப்புகள் இருக்கின்றன. டபிள்யூஓ 95 (WO 95) என்ற கோப்பு வரிசையைக் கேட்க வேண்டும். படை எப்போது கிளம்பியது, எங்கே தங்கியது, என்ன வேலை செய்தது எல்லாம் கிடைக்கும். ஆனால் பெயர் சொல்லிக் குறிப்பிடுவது பெரும்பாலும் அதிகாரிகளைத்தான். சிப்பாய்கள் தலைக்கணக்காக வருவார்கள். அதைப் படிக்கும்போது கொஞ்சம் கோபமே வந்தது. சிப்பாயின் பணிப்பதிவு அங்கே கிடைக்காது, அதை இந்தியாவில்தான் தேட வேண்டும். சாப்பர்ஸ் என்றால் பெங்களூரு, மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் நீலகிரி வெலிங்டன்; அங்கே உள்ள படை அலுவலகத்துக்கு எழுதிக் கேட்க வேண்டும். கடிதத்தில் எண் இல்லாவிட்டால் அவர்களும் பாவம், ஒரே பெயரில் எத்தனை பேரைத்தான் தேடுவார்கள்?

* * *

நல்ல தகவல் சார். எங்கள் கதை வேறு மாதிரி. என் தாத்தாவின் அண்ணன் திரும்பி வரவில்லை. 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் விழுந்தபோது அங்கே இந்தியப் படையில் இருந்தவர். நீங்கள் சொன்ன அதே போர்க் கல்லறை ஆணையத் தளம் எங்களுக்குப் பயன்பட்டது. கிராஞ்சியில் உள்ள சிங்கப்பூர் நினைவகத்தில் 24,000க்கும் மேற்பட்ட பெயர்கள் இருக்கின்றன. எங்களவர் பெயரை ஆங்கிலத்தில் எழுத்து மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தோம். கடைசியில் தந்தை பெயரும் மாவட்டமும் பொருந்தியதால்தான் நம்பினோம்.

ஒரு எச்சரிக்கை. இராக்கில் உள்ள பாஸ்ரா நினைவகத்தின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துப் பெயர் தேடாதீர்கள். அங்கே சாதாரண இந்திய வீரர்களின் பெயர்களைச் சுவரில் பொறிக்கவே இல்லை, படைப்பிரிவுவாரியாக எண்ணிக்கை மட்டும்தான். இந்தப் பாகுபாட்டை ஆணையமே 2021இல் ஓர் அறிக்கையில் ஒப்புக்கொண்டது. பெயர் வேண்டுமானால் அவர்களுடைய பதிவேட்டில்தான் பார்க்க வேண்டும்.

சிங்கப்பூரில் பிடிபட்டவர் அப்புறம் நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் (ஐ.என்.ஏ.) சேர்ந்தார் என்று வீட்டில் பேச்சு இருந்தால், டெல்லி தேசிய ஆவணக் காப்பகத்தையும் விடாதீர்கள்.

* * *

உறவினர் வேறு நாட்டுப் படையில் இருந்திருந்தால் அந்த நாட்டில் என்ன மிஞ்சியது என்று முதலில் கேளுங்கள். முதல் போரைப் பொறுத்தவரை ஆஸ்திரேலியாவும் கனடாவும் தனிநபர் கோப்புகளை ஸ்கேன் செய்து இலவசமாகவே இணையத்தில் போட்டிருக்கின்றன, வீட்டிலிருந்தே படிக்கலாம். பிரிட்டனில் அதே போரின் சிப்பாய்க் கோப்புகளில் பாதிக்கு மேல் 1940இல் லண்டன் குண்டுவீச்சில் எரிந்துபோயின. தப்பியதில் பலவும் ஓரம் கருகியவை. அமெரிக்காவில் 1973இல் செயின்ட் லூயிஸ் காப்பகம் தீப்பிடித்தது. 1912 முதல் 1960 வரை தரைப்படையிலிருந்து விலகியவர்களின் கோப்புகளில் ஏறக்குறைய 80 சதவீதம் போய்விட்டது. அந்த வரம்புக்குள் வருகிறவர் என்றால் கோப்பை மட்டும் நம்பாமல் சம்பளப் பட்டியல், ஓய்வூதியக் காகிதம் என்று பக்கவாட்டில் தேடுங்கள். அங்கேயும் முதலில் கேட்பது எண்தான்.